மெத்தைக்கடியில் கமலா ஆரஞ்சு

யானையாற்றுப் பள்ளத்தாக்கில் யானை கிடையாது. முப்பாட்டன்மார் எல்லாவற்றையும் சுட்டுத் தீர்த்துவிட்டுக் கமலா ஆரஞ்சு நட்டார்கள். ஆற்றுக்குப் பெயரை மட்டும் விட்டுவைத்தார்கள். ஆகவே எங்கள் பக்கத்துத் தோட்டத்து முதலாளி லோரன்ஸ் லாம்ப்ரெக்ட், மனைவி எல்சபேயை அழைத்துக்கொண்டு ஜிம்பாப்வேயில் சாம்பெசி ஆற்றங்கரைக் காட்டுக்குக் கிளம்பியபோது, யானையைப் பற்றி அவரிடம் இருந்த அறிவு முழுவதும் பயம்தான்.

பயப்படுவதில் லோரன்ஸ் கடும் உழைப்பாளி. மழை பெய்தால் வெள்ளத்துக்குப் பயப்படுவார், நின்றால் வறட்சிக்கு. தேவாலயத்தில் மூப்பர் வேறு. ஊருக்கும் சேர்த்துப் பயப்படும் பொறுப்பு அவருக்கு இருந்தது. வண்டியின் கூரைமேல், ஏணி வைத்து ஏறிப் படுக்கும் மடிப்புக் கூடாரம், உள்ளே உபரி டயர்கள், பாம்புக்கடிக் கட்டு, மலேரியா மாத்திரை, அந்த மாத்திரையால் வரும் கோளாறுக்கு இன்னொரு மாத்திரை.

எல்லாவற்றையும்விட அவரை வாட்டியது வயிறு. சொந்த மரத்துக் கமலா காலையில் ஒன்று உள்ளே போகாவிட்டால் குடல் வேலைநிறுத்தம் செய்துவிடும் என்பது அவருடைய விசுவாசப் பிரமாணத்தில் எழுதாமல் விட்ட வரி. ஆனால் எல்லைச் சாவடிகளில் பழத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். எனவே மடித்த கூடாரத்துக்குள், மெத்தைக்கடியில், வலைப்பை நிறையப் பழத்தை ஒளித்தார். எல்சபேயிடம்கூடச் சொல்லவில்லை. போட்ஸ்வானா எல்லையில் கேட்டார்கள்; இல்லை என்றார். ஜிம்பாப்வே எல்லையில் கேட்டார்கள், இல்லை என்றார். கடைசியில் காட்டு வாசலில் ருடெண்டோ என்ற காவல்காரப் பெண் கேட்டாள்.

"பழம் எதுவும் இல்லையே, செகுரு? முக்கியமா ஆரஞ்சு வகை. அந்த வாசனை யானை மூக்குல ஏறிச்சுன்னா வண்டியைத் தகர டப்பா மாதிரி பிரிச்சுடும்."

'செகுரு' என்று தாத்தா ஸ்தானத்தில் வைத்துக் கேட்ட பிள்ளையிடம், மூப்பருக்குரிய கனத்த குரலில், வேதாகமத்துச் சீடனைப்போல மூன்றாவது முறையும் மறுதலித்தார். சேவல்தான் கூவவில்லை.

அதன்பின் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வெளியே எறிந்தால் மனைவிக்குத் தெரிந்துவிடும், வைத்திருந்தால் யானைக்கு. இரண்டில் யானைதான் தூரத்தில் இருந்தது.

விடிந்தது. வேலியில்லாத முகாம். லோரன்ஸ் இறங்கி நெருப்பு மூட்டிக் காபி வைத்தார். எல்சபே இன்னும் மேலே தூக்கத்தில். கொதி வருகிறதா என்று குனிந்து பார்த்தவர் நிமிர்ந்தபோது, வண்டியின் அந்தப் பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் நின்றுகொண்டிருந்தது. சுவருக்கு இடது தந்தம் பாதியில் ஒடிந்திருந்தது. தும்பிக்கை கூடாரத் துணியின் மேல் நிதானமாக ஊர்ந்தது, குருடர் முகத்தைத் தடவிப் பார்ப்பதுபோல.

"பா, யாரு வண்டியை ஆட்டுறது?" உள்ளேயிருந்து எல்சபே. "காபி ஆயிடுச்சுன்னா வாயால சொல்ல வேண்டியதுதானே?"

"மா... அசையாதே. யானை."

"அதுக்கு இங்க என்ன வேணுமாம்?"

துணி கிழியும் சத்தம் கேட்டது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது.

"மா... உன் காலடியில, மெத்தைக்குக் கீழ, ஒரு பை இருக்கு."

"என்ன பை?"

"நம்ம தோட்டத்துக் கமலா."

"அடப்பாவி மனுஷா! அந்தப் பொண்ணுகிட்ட இல்லேன்னு சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னியே!"

"அப்புறம் திட்டு மா, வாழ்நாள் பூரா திட்டு. இப்ப தூக்கி எறி!"

"பையோட போட்டா இங்கேயே நின்னு திங்கும். நான் எப்படி இறங்குறது? சும்மா இரு."

கிழிசலிலிருந்து எல்சபேயின் கை மட்டும் வெளியே வந்தது. முதல் பழம் யானையின் காலருகே விழுந்தது. அடுத்தது கொஞ்சம் தள்ளி. அதற்கடுத்தது இன்னும் தள்ளி, ஆற்றுப் பக்கமாக. கோழிக்கு இரை போடுகிற நிதானம். யானை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே நகர்ந்தது. ஒரு பழம் புதருக்குள் போய்விட, யானை நின்று திரும்பிக் கூடாரத்தைப் பார்த்தது. லோரன்ஸ் ஜெபிக்க வாய் திறந்தார். ஒரு வசனமும் வரவில்லை. எல்சபே மிச்சத்தைப் பையோடு வீசினாள். அது கரை மணலில் போய் விழுந்தது. யானை அதன் பின்னால் போனதும், ஏணியைத் தொடாமலே இறங்கினாள். முழங்கால் சிராய்ப்பு. வேறு ஒன்றுமில்லை.

ருடெண்டோ வந்து கிழிந்த கூடாரத்தையும் மணலில் கிடந்த வலைப்பையையும் பார்த்தாள். அபராதம் போட்டாள், மதியத்துக்குள் வெளியேறச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"எந்த யானை, செகுரு? அடையாளம் சொல்லுங்க. கூடாரத்துல பழம் இருக்கும்னு கத்துக்கிட்ட யானை சும்மா இருக்காது. ஒரு நாள் ஆளைக் கொல்லும். அதுக்குள்ள நாங்க அதைச் சுட வேண்டியிருக்கும்."

லோரன்ஸ் எல்சபேயைப் பார்த்தார். எல்சபே தன் முழங்காலைப் பார்த்தாள்.

"கவனிக்கல, மகளே," என்றார். "எல்லா யானையும் ஒரே மாதிரிதானே இருக்கு."

இப்போது ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் லோரன்ஸ் அந்த வாசலுக்குப் போன் போடுகிறார். முகாமுக்கு வந்தவர்கள் எல்லாரும் சுகமா என்று முதலில் விசாரிப்பார். பிறகு யானைகளை.

"எல்லாரும் சௌக்கியம், செகுரு," என்பாள் ருடெண்டோ. "உங்களை மாதிரி அன்பான விருந்தாளியை நான் பார்த்ததே இல்ல."

போனை வைத்துவிட்டு அடுத்த ஞாயிறு வரை பயப்படுகிறார்.