முசலியில் எடுத்த உலக முடிவு

உலகம் அழிந்த பிறகு மிஞ்சியிருக்கும் ஒரே மனிதனைப் பற்றிப் பத்து நிமிடப் படம் ஒன்று எடுக்க நினைத்தேன். பேச்சு இல்லை, இசை இல்லை. அவன் கூரையில்லாத வீட்டிலிருந்து வெளியே வருவான், நாலு பக்கமும் பார்ப்பான், திரும்ப உள்ளே போய்ச் சுருண்டு படுப்பான். அவ்வளவுதான். பரீட்சார்த்தப் படம் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டேன். பகல் முழுவதும் கந்தோரில் கோப்புகளோடு இருப்பவனுக்கு அந்தச் சொல் பெருமையாக இருந்தது.

நடிக்க ஆள் கிடைத்தது மன்னார் மாவட்டத்து முசலியில். மீன் வாங்கி விற்கும் ஒரு முஸ்லிம் பெரியவர், எல்லோருக்கும் நானா, அறுபதைத் தாண்டியவர். அவருடைய புது வீட்டுக்குப் பின்னால் பழைய வீட்டின் சுவர்கள் மட்டும் நின்றன. இடம் கேட்கத்தான் போனேன். அந்தச் சுவரோரம் அவர் நடந்த விதத்தைப் பார்த்ததும், நீங்களே நடியுங்கோ என்று கேட்டுவிட்டேன். பின்னேர அசர் தொழுகைக்கு முதல் விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை காலை, கமரா வைத்திருந்த நண்பனோடு போனேன். நானா சொன்னபடியே வெளியே வந்தார், சுற்றிப் பார்த்தார், பிறகு வாயருகே கையை வைத்து, “ஆரும் இருக்கிறியளா?” என்று உரக்கக் கூப்பிட்டார். புது வீட்டுக் குசினியிலிருந்து அவருடைய மனைவி, தேத்தண்ணி வேணுமா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார். மூன்றாம் தடவையும். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உலகத்தில் உங்களைத் தவிர ஒருவரும் இல்லை நானா என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. “ஒருத்தரும் இல்லையெண்டு உங்களுக்குத் தெரியும் தம்பி, நீங்கள்தானே எழுதினது. அந்த மனிசனுக்கு எப்பிடித் தெரியும்? கூப்பிட்டுப் பாக்காம எப்பிடி உள்ள போய்ப் படுக்கிறது?”

நண்பன் கமராவை நிறுத்தினான். நானா சுவர் நிழலில் இருந்துகொண்டு, தான் திரும்பி வந்த நாளைப் பற்றிச் சொன்னார். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது போய், புத்தளத்தில் இருபது வருடத்துக்கு மேல் அகதியாக இருந்துவிட்டு, காணியைப் பார்க்கத் தனியாக வந்திருக்கிறார். ஊர் இருந்த இடத்தில் காடு. பள்ளிவாசல் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. பயத்தில்தான் கூப்பிட்டாராம். பற்றைக்குள்ளிருந்து ஒரு குரல் ஓம் என்றது. கத்தியும் கையுமாக வெளியே வந்தவர் பக்கத்துக் காணிக்காரர், வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். இந்திய அகதி முகாமிலிருந்து அந்தக் கிழமைதான் திரும்பியவர். முதலில் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியவில்லை. பிறகு பொழுதுபடும்வரை சேர்ந்து பற்றை வெட்டி, கிணற்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நானும் அப்படி ஒரு முகாமில் பிறந்தவன்தான். எங்களுக்கு முன்னால் எங்கள் ஊரான உயிலங்குளத்துக்குத் திரும்பிய அப்பா, அந்த முதல் நாள் எங்கள் காணியில் நின்று என்ன செய்தார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

கதையை மாற்றினேன். நானா கூப்பிடுவார், பிறகு நின்று காதுகொடுப்பார், அதோடு படம் முடியும். அவருடைய மனைவியிடம் மட்டும், பதில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். தலையைச் சற்றுச் சரித்து அவர் அசையாமல் நின்ற இரண்டு நிமிடத்தை நண்பன் நிறுத்தாமல் எடுத்தான்.

மன்னாரில் ஒரு சின்ன மண்டபத்தில் படத்தைக் காட்டினோம். முடிவு விளங்கவில்லை என்று சிலர் சொன்னார்கள். அன்று நானா மீனோடு தம்புள்ளைக்குப் போயிருந்தார். பிறகொரு நாள் என் கைபேசியில் காட்டினேன். தான் கூப்பிடும் இடம் முடிந்ததும் கைபேசியை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டார். படம் முடிந்தபின் திருப்பித் தந்தார். பழைய சுவரை உடைத்து, மகளின் வீட்டுக்கு அத்திவாரம் போடப்போவதாகவும் கல் சுமக்க ஆள் தேவை என்றும் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை போனேன். மத்தியானம் அவருடைய மனைவி சோறு போட்டுக்கொண்டே, “அடுத்த படத்தில கொஞ்சம் ஆக்களைப் போடுங்கோ தம்பி” என்றார். என் கை முழுக்கக் கொப்புளம். மீன் வியாபாரி வீட்டில் அன்று கோழிக்கறி, நல்ல உறைப்பு.