பானட்டில் வைத்த கை

நம்பாதவர்களிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை. இது எனக்கு நடந்தது, அவ்வளவுதான்.

மனைவிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். திரும்பும்போது அவள் என் தோளில் தூங்குவாள். நான் நின்றுகொண்டே தூங்குவேன். அதனால்தான் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஒரு கிழட்டுக் காரைப் பார்க்கப் போனேன்.

மெக்கானிக் மச்சான் முந்தின நாளே பாடம் எடுத்திருந்தான்.

“விடியறதுக்குள்ள போங்க மாமா. விக்கிறவன் இன்ஜினைச் சூடு பண்ணிட்டா வண்டியோட நோய் தெரியாது. முதல்ல பானட்ல, அதான் இன்ஜின் மூடியில, கை வைங்க. சூடா இருந்தா திரும்பிப் பாக்காம வந்துடுங்க.”

என் மண்டையில் ஏறியது அது ஒன்றுதான்.

காலை 5:40. பழைய கார்கள் விற்கும் இடம். காவலாளி கொட்டாவியோடு வண்டியைக் காட்டினார். பானட்டில் கை வைத்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். தோசைக்கல் சூடு.

“இப்பத்தான் ஓட்டுனீங்களா?”

“நாலு நாளா யாரும் தொடல சார்.”

திரும்பியிருக்க வேண்டும். பஸ் படிக்கட்டில் அவள் மூச்சு வாங்கியது நினைவுக்கு வந்தது. சாவியை வாங்கினேன்.

5:46. கிளம்பியது. எங்கள் வீட்டு மிக்சிகூட இதைவிட அதிகம் கத்தும். நாமும் அதிர்ஷ்டசாலிதான் போல என்று நினைத்தேன். என்னை நானே ஏமாற்றுவதில் எனக்கு நல்ல பழக்கம்.

5:52. காலித் தெரு. நிறுத்தி, சாவியை உருவினேன்.

டுக்... டுக்... டுக்...

சத்தம் நிற்கவில்லை.

சாவி என் உள்ளங்கையில் இருந்தது.

ஸ்டீயரிங் மெதுவாகத் திரும்பியது... நான் திருப்பவில்லை.

இறங்கி ஓடலாம். அதற்குள் வண்டி தானாக நகர ஆரம்பித்திருந்தது.

5:59. எடுத்த இடத்திலேயே வந்து நின்றது. சத்தம் அடங்கியது.

இறங்கி பானட்டைத் தொட்டேன்.

சில்லென்று இருந்தது.

காவலாளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தேன். ஏழு மணிக்கு, வழக்கம்போல் பஸ்ஸில், ஆஸ்பத்திரி.

9:20. மச்சான் போன் செய்தான். தன் ஒர்க்‌ஷாப்பைத் திறக்குமுன் அந்த வண்டியைப் பார்க்கப் போயிருக்கிறான்.

“மாமா, பானட்டைத் திறந்து பாத்தீங்களா?”

“இல்லடா.”

“உள்ள இன்ஜின் இல்ல. நாலு நாளைக்கு முன்னாடியே கழட்டி வித்துட்டாங்களாம். காவலாளிக்குச் சொல்ல மறந்துட்டாங்க.”

பானட்டைத் தொட்ட உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன்.

“நீங்க ஓட்டிப் பாக்கலதானே?”

போனை வைத்தேன். கட்டிலில், குழாய்களுக்கு நடுவில், மனைவி கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“என்னங்க, வண்டி ஓடுச்சா?”

“ஓடுச்சு,” என்றேன். “நமக்கு வேண்டாம்.”