இஞ்ஞாசி எறிந்த கடைசிப் பழம்

இஞ்ஞாசி பந்து விளையாடியதில்லை. அவருடைய கால் எப்போதாவது ஒரு பந்தைத் தொட்டிருக்குமா என்பதே சந்தேகம். ஆனால் பூவம் அணி எங்கே ஆடினாலும் கோலுக்குப் பின்னால் நிற்பார். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது அவரும் திடலைச் சுற்றி நடந்து எதிர்க் கோலுக்குப் பின்னால் போய்விடுவார். ஆட்டம் முழுவதும் அவர் கண்முன் இருப்பது ஒரு முதுகு. பூவம் அணியின் கீப்பர் அம்பலவாணனின் முதுகு.

பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார்.

"கையத் தூக்குடா பூவம்! பந்து வருது, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி நிக்கிறே!"

அம்பலவாணன் திரும்பிப் பார்ப்பதில்லை. பந்தைப் பிடித்த பிறகு காது மட்டும் கொஞ்சம் அசைவதுபோல் இஞ்ஞாசிக்குத் தோன்றும்.

இஞ்ஞாசி காரைக்கால் டவுனில், மாதா கோவில் வீதியில் ஒரு பழைய மாடி வீட்டில் குடியிருக்கிறார். வீட்டுக்காரர்கள் பாரீசில் இருக்கிறார்கள். கீழே அவருடைய கடை. எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். டவுனிலும் நல்ல அணிகள் உண்டு. அவற்றை விட்டுவிட்டு வட எல்லையில் இருக்கிற ஒரு கிராமத்துக்கு எதற்குப் போகிறீர்கள் என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள்.

"அங்கதான் மோட்டார் நெறைய எரியுது" என்பார்.

அது முழுப் பொய்யும் இல்லை. பல வருடங்களுக்கு முன்னால் பூவத்துக் குடிநீர்த் தொட்டியின் மோட்டார் எரிந்தது. சரிசெய்து கொண்டுபோய் மாட்டினார். மாட்டி முடித்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. ஓட்டிப் பார்க்காமல் திரும்ப முடியாது. அந்த மோட்டாரைப் போட்டு நிறுத்தும் வேலையைக் கொம்யூன் பஞ்சாயத்தில் பார்த்துவந்தவன்தான் அம்பலவாணன்.

"கரண்ட் வர்ற வரைக்கும் இருங்கண்ணே. ஒரு மேட்ச் இருக்கு, ஆடிட்டு வந்துடறேன்" என்றான். சட்டையைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, தொட்டிக்குப் பின்னால் இருந்த திடலில் இறங்கினான்.

முன்பின் தெரியாத ஒருவனின் சட்டையை வைத்துக்கொண்டு இஞ்ஞாசி கோலுக்குப் பின்னால் நின்றார். வலை இல்லை. எதிர் அணியில் ஒருவன் மிக அருகிலிருந்து பந்தை உதைத்தான். அம்பலவாணன் இடதுபக்கம் நின்றிருந்தான். பந்து வலதுபக்கம் போனது. பிறகு அது அவன் கைகளில் இருந்தது. நடுவில் நடந்ததை இஞ்ஞாசியால் பார்க்க முடியவில்லை. பந்து போகவேண்டிய இடத்துக்குக் கைகள் முன்பே போய்க் காத்திருந்ததுபோல இருந்தது. அவர் மூச்சு விடுவதற்குள் பந்து அந்தக் கைகளிலும் இல்லை. தூரத்தில், யாரும் கவனிக்காத ஓரத்தில் தனியாக நின்ற தன் ஆள் ஒருவனின் காலடியில் அதை எறிந்திருந்தான். பிடிப்பதும் எறிவதும் அவனுக்கு ஒரே வேலை.

கரண்ட் வந்துவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள்.

"வந்தா வந்துட்டுப் போவுது" என்றார் இஞ்ஞாசி.

*

பெரிய லீக் எதிலும் பூவத்துக்கு இடம் இல்லை. கோடையில் சுற்றுவட்டார ஊர்கள் சேர்ந்து நடத்தும் கோப்பைதான் உண்டு. அது மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் கிடக்கும். கடலோர அணிகளுக்கு ஆள் பஞ்சமே இருக்காது. பூவம் மூன்று தடவை இறுதி ஆட்டத்துக்குப் போய் மூன்று தடவையும் பட்டினச்சேரியிடம் தோற்றிருந்தது. மூன்று தடவையும் இஞ்ஞாசி வேளாங்கண்ணி மாதாவிடம் வேண்டியிருந்தார்.

இந்த வருடமும் இறுதி ஆட்டம் பட்டினச்சேரியோடுதான். ஆளுக்கொரு கோல். பெனால்டிக்குப் போனது. பட்டினச்சேரியின் கடைசி உதையைத் தடுத்துவிட்டால் கோப்பை பூவத்துக்கு. உதைக்க வந்தவன் வலை இழுத்து வளர்ந்த தோள்களோடு பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தான். இஞ்ஞாசிக்குத் திட்டு எதுவும் வாயில் வரவில்லை. மாதாவே என்று தொடங்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது. எத்தனை தடவைதான் ஒரே ஆளைத் தொந்தரவு செய்வது? கண்ணை மூடினார். அவர் வீதி வழியாக வருடந்தோறும் மாங்கனித் திருவிழா ஊர்வலம் போகும். பிள்ளை வரம் கேட்டுக் கிடைத்தவர்கள் மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். அதைப் பிடித்துச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்று கீழே கூட்டம் காத்து நிற்கும். அது நினைவுக்கு வந்தது.

"காரைக்கால் அம்மையாரே" என்றார். "ஒரு கூடை பழம்."

கண்ணைத் திறந்தபோது அம்பலவாணன் தரையில் கிடந்தான். பந்து அவனுக்கு அடியில் இருந்தது.

*

திரும்பும்போது குட்டியானை வண்டியில் கோப்பையை நடுவில் வைத்துக்கொண்டு எல்லோரும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். இஞ்ஞாசி வேண்டுதலைச் சொன்னார். வண்டியே சிரித்தது.

"அண்ணே, அது புள்ள வேணும்னு கேக்கற சாமி. இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு?"

"கப்பும் புள்ளதான்டா. எத்தன வருஷம் சுமந்திருக்கேன்."

மறுபடியும் சிரிப்பு. அம்பலவாணன் மட்டும் சிரிக்கவில்லை. அதைப் பார்த்து ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். இஞ்ஞாசிக்கு அப்போதுதான் உறைத்தது. அம்பலவாணனுக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம் தாண்டிவிட்டது. பிள்ளை இல்லை.

அவனை வீட்டில் இறக்கிவிட்டபோது அவரும் இறங்கிக்கொண்டார். அவன் மனைவி நீலாயதாட்சி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் எதையோ சொல்லத் தடுமாற, அவளே பேசினாள். யாரோ வண்டியிலிருந்து போனில் சொல்லியிருக்கவேண்டும்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. நாங்களும் வருஷா வருஷம் போறோம். முந்தானைய விரிச்சுட்டு நிப்பேன். விழ வர்ற பழத்தப் பக்கத்துல நிக்கிற நெட்டை ஆளுங்க மேலேயே தட்டிப் பறிச்சுடுவாங்க. இவரு இருக்காரே, கையத் தூக்கவே மாட்டாரு."

"அவ்வளவு பேரு பாப்பாங்க" என்றான் அம்பலவாணன்.

"மேட்ச்சுல பாக்கலியா?"

"அது பந்து."

"கெட்டிக்காரரு. ஊரான் உதைச்ச பந்தெல்லாம் பிடிப்பாரு. நமக்குன்னு வர்றப்ப கட்டை மாதிரி நிப்பாரு."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அம்பலவாணன் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். டம்ளரைச் சுற்றியிருந்த விரல்களை இஞ்ஞாசி பார்த்தார். அவ்வளவு அருகில் அவற்றைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒன்றிரண்டு முறிந்து கோணலாகக் கூடியிருந்தன.

"தம்பி, இந்த வருஷம் எறியப்போறது நான்" என்றார். "எங்க வீட்டுக்கு எதிர்ல லைட் கம்பம் இருக்கு. அதுக்கு அடியில நில்லு. கூடையில பெரிய பழமா ஒண்ணக் கடைசியா உனக்குன்னு வைக்கிறேன். பழம்னு நெனைக்காத. பந்துன்னு நெனைச்சுக்க."

*

இஞ்ஞாசியின் மனைவி அந்தோணிமேரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"நம்ம மாதா என்ன ஆனாங்க?"

"மூணு தடவ கேட்டாச்சு. மூஞ்சில முழிக்க வெக்கமா இருந்துச்சு."

"சரி. அப்ப நல்ல பழமா வாங்குங்க. அடுத்தவங்க சாமிக்குப் புளிச்ச பழம் எறியக் கூடாது."

ஒவ்வொரு வருடமும் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று யாராவது கூடையோடு வந்து அவள் வீட்டு மாடியைக் கேட்பார்கள். அவள்தான் படியேற்றி விடுவாள், தண்ணீர் கொடுப்பாள். அவள் வீட்டு ஆள் கூடையோடு நிற்கப்போவது இதுதான் முதல் தடவை.

இஞ்ஞாசிக்கு எறிந்து பழக்கம் இல்லை. சாயங்காலங்களில் கடையைச் சாத்திவிட்டு, பழந்துணியைப் பந்தாகக் கட்டி, மாடி முகப்பிலிருந்து கம்பத்தடிக்கு எறிந்து பார்த்தார். ஒன்று எதிர்வீட்டு சன்ஷேடில் விழுந்தது. ஒன்று பால்காரரின் கேனில் பட்டுத் தெறித்தது.

"நீங்க திட்டுனாத்தான் குறி தப்பாது" என்றாள் அந்தோணிமேரி. போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து அவரிடம் கொடுத்தாள். "இன்னும் கொஞ்சம் தூக்கிப் போடுங்க. மேல போயி விழணும்."

*

ஆனிப் பௌர்ணமி அன்று வீதியில் தரையே தெரியவில்லை. மாடிகள், படிகள், மதில்கள், எல்லா இடத்திலும் ஆட்கள். நாயனம் நெருங்கியது. பிச்சைக் கோலத்துச் சிவன், பிச்சாண்டவர், பவளக்கால் சப்பரத்தில் மெல்ல வந்தார். சப்பரம் ஒவ்வொரு வீட்டையும் கடந்ததும் அந்த வீட்டு மாடியிலிருந்து மாம்பழங்கள் கிளம்பின. மஞ்சளாக மேலே ஏறி, ஒரு கணம் நின்று, இறங்கின. இறங்கும் இடத்தில் கூட்டம் ஒரே உடம்பாகக் கைகளைத் தூக்கியது. இஞ்ஞாசி இதை எத்தனையோ வருடம் பார்த்திருக்கிறார். கூடையைப் பிடித்துக்கொண்டு பார்த்ததில்லை. இவ்வளவு கைகள் மேலே எதையாவது கேட்டு நிற்கும்போது எறிகிறவன் தான் என்பது அவரை நடுக்கியது.

கம்பத்தடியில் அம்பலவாணன் நின்றான். கைகள் தொங்கின. பக்கத்தில் நீலாயதாட்சி முந்தானையை விரித்துப் பிடித்திருந்தாள். சுற்றிலும் நெட்டை ஆட்கள்.

சப்பரம் அவர் வீட்டைத் தாண்டியது. இஞ்ஞாசி எறிந்தார். எங்கெங்கோ விழுந்தன, யார் யாரோ பிடித்தார்கள். கூடை காலியாகிக்கொண்டே வந்தது. அம்பலவாணன் கையைத் தூக்கவில்லை. தலையையும் தூக்கவில்லை. கடைசிப் பழத்தை அந்தோணிமேரி எடுத்துக் கணவர் கையில் வைத்தாள். அதை அவள் காலையில் துடைத்து, தன் நெற்றியில் ஒரு தடவை வைத்து எடுத்திருந்தாள்.

இஞ்ஞாசி முகப்புக் கம்பியில் சாய்ந்து, நாயனத்துக்கு மேலே கேட்கும்படி கத்தினார்.

"கையத் தூக்குடா பூவம்! பந்து வருது!"

எறிந்தார். பழம் உயரமாகப் போனது. குறி தப்பிவிட்டது என்று அது கையை விட்டதுமே தெரிந்தது. கம்பத்துக்கு வலதுபக்கம், வெகு தள்ளி.

அந்தக் குரலைக் கேட்டதும் அம்பலவாணனின் தலை நிமிர்ந்தது. கூட்டத்துக்குள் ஓட இடம் இல்லை, தாண்ட இடம் இல்லை. ஆனாலும் அவன் எழுந்தான். நெட்டை ஆட்களின் தோள்களுக்கு மேலே, தூக்கியிருந்த அத்தனை கைகளுக்கும் மேலே, படுக்கை வாட்டில் ஓர் உடம்பு. தொட்டிக்குப் பின்னால் அன்றைக்குப் பார்க்கத் தவறியதை இஞ்ஞாசி இப்போது மேலேயிருந்து முழுதாகப் பார்த்தார். அவசரமே இல்லை. கைகள் முதலில் போயின, உடம்பு பின்னால் வந்தது, பழம் கடைசியாக வந்து சேர்ந்தது. அடியில் இருந்தவர்கள் தங்களை அறியாமலே அவனைத் தாங்கினார்கள். யாரும் பறிக்க முயலவில்லை.

அவன் கால் தரையில் பட்டது. கண் கூட்டத்தை ஒரு சுற்று சுற்றியது. பிறகு கை வீசியது.

பழம் தலைகளுக்கு மேலே நீளமாகப் போய், எல்லோருக்கும் அப்பால், சாத்தியிருந்த ஒரு கடையின் படியில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் மடியில் விழுந்தது.

அவள் கையை நீட்டியிருக்கவில்லை. அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. நரை தொடங்கிய தலை. கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய், இந்த வருடம் சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஓரமாக உட்கார்ந்தவளைப்போல இருந்தாள். மடியில் கிடப்பதைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். பிறகு இரண்டு கைகளாலும் அதை எடுத்து முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அம்பலவாணன் தன் கைகளைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

இஞ்ஞாசி வாயைத் திறந்தார். அவருக்குத் தெரிந்த எல்லா வசவும் அந்தக் கணத்துக்குப் போதாது. ஆனால் அந்தப் பெண்ணின் தோள்கள் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார்.

*

ஊர்வலம் போன பிறகு அம்பலவாணனும் மனைவியும் மாடிக்கு வந்தார்கள். அம்பலவாணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

"பந்துன்னு நெனைச்சுக்கன்னு சொன்னீங்க" என்றான்.

"சொன்னேன்" என்றார் இஞ்ஞாசி.

"ஓரத்துல ஆள் தனியா இருந்துச்சு."

"இருந்துச்சு."

"போயிக் கேட்டா குடுத்துருப்பாங்க இல்ல?" என்றாள் அந்தோணிமேரி.

"கேக்கறதா?" என்றாள் நீலாயதாட்சி. கலைந்த முந்தானையைச் செருகிக்கொண்டாள். கண் சிவந்திருந்தது. ஆனால் உதட்டோரத்தில் ஏதோ அடக்கமுடியாமல் துடித்தது. "அந்தம்மா மூஞ்சியப் பாத்தீங்களாக்கா? அம்மையாரும் வீட்டுல இருந்த பழத்த, பசின்னு வந்தவருக்குத் தூக்கிக் குடுத்தவங்கதானே. இவரு அவங்க ஊர்க்காரரு. வேற எப்படி இருப்பாரு?"

"குடுத்துட்டாங்களா? அப்புறம்?" என்றாள் அந்தோணிமேரி.

"அப்புறம் புருஷன் வந்து கேட்டாரு. சாமிகிட்ட கைய நீட்டுனாங்க. இன்னொண்ணு வந்துச்சு."

அந்தோணிமேரி காலிக் கூடையைப் பார்த்தாள். இஞ்ஞாசியும் பார்த்தார்.

"வேண்டுதல் இல்லாம நான் எறியமுடியாது" என்றார் அவர். "அடுத்த வருஷமும் நீ கப்பு அடிக்கணும்."

அம்பலவாணன் முதல் தடவையாகச் சுவரிலிருந்து திரும்பினான்.

"அடிக்கறேன்" என்றான்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூவம் திடலில் சும்மா ஒரு ஆட்டம். கோப்பை எதுவும் இல்லை. இஞ்ஞாசி தன் இடத்தில் நின்றார். நீலாயதாட்சி இதற்கு முன் ஆட்டம் பார்க்க வந்ததில்லை. அன்று வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றாள்.

பந்து ஒன்று உயரமாக வந்தது. கைகள் முன்பே போயிருந்தன. அம்பலவாணன் கீழே இறங்கினான். ஓரத்தில் அவன் ஆள் தனியாக நின்றுகொண்டு கையை ஆட்டினான். அம்பலவாணன் எறியவில்லை. பந்தை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு நின்றான்.

"ஏண்ணே எறியாம நிக்கிறாரு?" என்றாள் நீலாயதாட்சி.

கீப்பர் பந்தை இவ்வளவு நேரம் கையில் வைத்திருக்கக் கூடாது. நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். திட்டவேண்டிய நேரம்தான். இஞ்ஞாசி அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார்.