நிலா புறம்போக்கு

‘பொருள்: செவ்வாய்க் கிரகத்துக்கு ஆட்களை அனுப்புதல் – தொடர்பாக’ என்று எழுதிவிட்டு, பேனாவைக் காதோரம் முக்காட்டுக்குள் செருகிக்கொண்டார் ஹாஜிரா பீவி. எதிரே ஒரு பெண் ரேஷன் கார்டை நீட்டியபடி நின்றிருந்தார். அதிலிருந்து மாமியார் பெயரை எடுக்க மனு வேண்டுமாம். “மாமியா மவுத்தாயிட்டாங்களா, இல்ல சண்டையா?” என்று கேட்டார் ஹாஜிரா. சண்டைதான். “சண்டைக்கெல்லாம் பேரை எடுக்க மாட்டாங்க கண்ணு. ரெண்டு நாள் பேசாம இரு, சரியாயிரும்” என்று அனுப்பிவிட்டு, பேனாவை உருவி மறுபடியும் செவ்வாய்க்குப் போனார்.

மலைமேல் இருக்கும் செம்மேட்டில், அரசு அலுவலகம் ஒன்றின் எதிரே, ஜெராக்ஸ் கடையின் தகரக் கூரை சாலைப் பக்கம் நீண்டிருக்கும் இடத்தில் அவருடைய மேசை இருக்கிறது. முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்றிதழ், கரண்ட் இணைப்பு, பட்டா மாறுதல் என்று மலையில் யாருக்கு எது வேண்டுமானாலும் மனு எழுதித் தருவது அவர் தொழில். மாதம் ஒருமுறை நம் பத்திரிகைக்கு விண்வெளிக் கொள்கை பற்றி இரண்டு பக்கம் எழுதுவது அவர் உயிர். ‘ஆகாய விவகாரம்’ எழுதும் ஹாஜிரா பீவி எந்த ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறார் என்று கேட்டு எழுதும் வாசகர்கள் இந்த முகவரியைக் குறித்துக்கொள்ளலாம்.

அவர் கட்டுரைகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதும் இப்போது விளங்கியிருக்கும். மனு எழுதியே பழகிய கைக்கு வேறு உரைநடை வரவில்லை. ‘மேற்படி ராக்கெட்டானது மேற்படி ஏவுதளத்தை விட்டுப் புறப்பட்டு’ என்றுதான் ஆரம்பிப்பார். விண்வெளியில் சுற்றும் பழைய செயற்கைக்கோள்களின் குப்பையை அள்ள எந்த நாடும் பொறுப்பேற்கவில்லை என்ற செய்தியை, ‘ஆகவே ஐயா அவர்கள் கருணைகூர்ந்து துப்புரவுப் பணியாளர் நியமித்து உதவுமாறு’ என்று முடித்திருந்தார். எந்த ஐயா என்று கேட்டேன். “யாராச்சும் ஒரு ஐயா இருப்பாருங்க. இல்லாம எப்படி?” என்றார். நிலாவைப் பற்றிய முதல் கட்டுரையில் நான்கெல்லை எழுதியிருந்தார்: வடக்கே ஆகாயம், தெற்கே ஆகாயம், கிழக்கே ஆகாயம், மேற்கே ஆகாயம். உதவி ஆசிரியன் என்ற முறையில் அதையெல்லாம் வெட்டி ஒழுங்கு பண்ணி ஒரு மாதம் அச்சிட்டேன். ‘மேற்படி எங்கே போனது?’ என்று ஈரோட்டிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கடிதங்கள் வந்தன. அதோடு கையை எடுத்துவிட்டேன்.

ஹாஜிராவின் வீடு அடிவாரத்தில், காரவள்ளியில். தினமும் காலை பஸ் பிடித்து, கொண்டை ஊசி வளைவுகள் எல்லாவற்றிலும் சுற்றிச் சுற்றித்தான் மேலே வருகிறார். கடைசி சீட்டில்தான் உட்காருவார். முன்னால் இடம் இருந்தாலும் போகமாட்டார். “அங்கதானுங்க தூக்கித் தூக்கிப் போடும். ராக்கெட்டுல போறவங்களுக்கும் இதே மாதிரிதான் கொடலு பொரளுமாம். எழுதறவளுக்கும் கொஞ்சம் தெரியோணும்ல” என்பது அவர் நியாயம். கணவர் ஜாபர் உசேன் மலையேறும் பாதையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். அவரிடம் பேச்சுக் கொடுத்தால் வேறு கதை வருகிறது: “ஊட்டுல சோறு இருக்கான்னு கேட்டா, சந்திரன்ல தண்ணி இருக்குங்கறா. நான் என்னத்தைங்க திங்கறது?”

ஹாஜிராவுக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லமாட்டேன். மலையில் வேலை பார்க்கும் அரசு ஊழியர்களுக்கு மலைப்படி என்று சம்பளத்தோடு கூடுதலாக ஒன்று தருகிறார்கள். “இத்துனூண்டு மலைக்கே படி குடுக்கறாங்க. அவ்வளவு ஒசரம் போறவங்களுக்கு எவ்வளவு குடுக்கோணும்?” என்று ஒரு முழுக் கட்டுரையை அதற்கே ஒதுக்கினார். எடையில்லாமல் மிதப்பவர்களுக்கு ரேஷன் அளவைக் குறைக்கலாமா என்பது இன்னொரு கட்டுரை. சிரித்துக்கொண்டே அச்சுக்கு அனுப்பினோம். வினை வந்தது அதிலெல்லாம் இல்லை, ஒரே ஒரு சொல்லில்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழில் உலக நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. நிலாவையோ மற்ற கோள்களையோ எந்த நாடும் தனதென்று சொந்தம் கொண்டாட முடியாது என்பது அதன் சாரம். பூமிக்கு வெளியே உள்ள ஆகாயத்துக்கு அகராதியில் ‘புறவெளி’ என்ற சொல் ஹாஜிராவுக்குக் கிடைத்தது. அது யாருக்குப் புரியும் என்று யோசித்து, எல்லாருக்கும் புரிகிற சொல்லைப் போட்டார். ‘மேற்படி நிலாவானது புறம்போக்கு ஆகும். இதில் எந்த நாட்டுக்கும் பட்டா கிடையாது.’ சேலத்தில் உட்கார்ந்து படித்த எனக்கு அது அழகாகத்தான் பட்டது. புறம்போக்கு என்றால் யாருக்கும் சொந்தமில்லாதது, அவ்வளவுதானே?

மலையில் அவ்வளவுதான் இல்லை. மலையில் புறம்போக்கு என்றால் இன்னும் பட்டா கொடுக்கவில்லை என்று பொருள். காட்டைத் திருத்தி, மிளகுக்கொடி ஏற்றி, வருடக்கணக்காக அனுபவத்தில் வைத்திருந்து, மனுமேல் மனுப் போட்டால் என்றைக்காவது ஒருநாள் கிடைக்கும் என்று பொருள். அப்படி ஒரு துண்டு நிலத்துக்கு வெகுகாலமாக மனுக் கொடுத்துவரும் செங்கோட்டையன் என்ற மிளகு விவசாயி, பத்திரிகையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு ஹாஜிராவின் மேசைக்கு வந்தார். நிலாவில் அவருக்கு ஒரு பட்டா வேண்டும்.

“அனுபவம் வேணுமேங்ணா” என்று ஹாஜிரா சொல்லிப் பார்த்தாராம்.

“அனுபவமா? எங்கப்பன் காலத்துலருந்து பன்னிக் காவலுக்கு அந்த வெளிச்சத்துலதான குந்தியிருக்கறோம்? வேற எவன் வந்து அனுபவிச்சான்?”

“அது வேற ஜில்லாவா இருந்தா என்ன பண்ணுவீங்க?”

“எப்படிங்க வேற ஜில்லா ஆகும்? நம்ம சித்தம்பூண்டி மண்ணும் நெலா மண்ணும் ஒண்ணுன்னுதான, நெலாவுக்குப் போற வண்டிய எறக்கிப் பாக்க இங்கருந்து மண்ணு கொண்டுபோனாங்க? போன வருசம் நீங்கதான எழுதுனீங்க. மண்ணு ஒண்ணுன்னா நாமக்கல் ஜில்லாதான?”

கேட்டு வருகிறவருக்கு மனு எழுதித் தராமல் அனுப்புவது ஹாஜிராவின் வழக்கம் இல்லை, மாமியார் சண்டையைத் தவிர. “கேக்கறது அவங்க உரிமை, குடுக்கறது ஆபீசு இஷ்டம்” என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதோடு நிற்குமா? சோளக்காட்டுச் சந்தையில் பேச்சு பரவியது. அத்தாயி என்று அன்னாசி விற்கும் அம்மாள், நிலாவின் தென்துருவத்தில் பனிக்கட்டி இருப்பதாக ஹாஜிரா எழுதியதை யாரோ படிக்கக் கேட்டு, “எனக்குத் தண்ணி வசதியா தெக்குப் பக்கமாப் போட்டுருங்க” என்று வந்து நின்றார். காளியண்ணன் என்பவர் ரோட்டோரமாகக் கேட்டார்.

மனுக்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் மைதிலி என்ற அதிகாரி இருக்கிறார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், எந்த மனுவையும் குப்பையில் போடத் தெரியாத நல்ல மனுஷி. நான் போய்ப் பார்த்தபோது நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “நிராகரிக்கலாம் சார். ஆனா நிராகரிக்கிறதுக்கு முன்னாடி நேர்ல போய் இடத்தைப் பார்த்தேன்னு எழுதணும். பார்க்காம எழுதினா பொய்யாயிடும். நான் எப்படிப் போறது சொல்லுங்க?” என்றார். பஸ் எதுவும் போவதாகத் தெரியவில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. எங்கள் ஆசிரியருக்குக் கடிதம் எழுதியது அவர்தான். நிலா புறம்போக்கு இல்லை என்று பத்திரிகையே சொல்லிவிட்டால் அதைக் காட்டி மனுக்களை முடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

ஆசிரியர் பயந்த சுபாவம். அரசு முத்திரை போட்ட உறையைக் கண்டாலே அவருக்கு வியர்க்கும். ‘புறம்போக்கு என்று எழுதியது என் தவறு’ என்று ஹாஜிரா பீவி தன் பெயரில் ஒரு திருத்தம் எழுதித் தரவேண்டும், இல்லாவிட்டால் இந்த இதழோடு ‘ஆகாய விவகாரம்’ நிறுத்தப்படும் என்று சொல்லி என்னை மலைக்கு அனுப்பினார். நான் பஸ்ஸில் முன் சீட்டில்தான் உட்கார்ந்து வந்தேன். அங்கேயும் தூக்கித் தூக்கித்தான் போட்டது.

ஹாஜிராவிடம் விஷயத்தைச் சொன்னேன். செவ்வாய்க் கட்டுரையைப் பாதியில் நிறுத்தி, தாளைக் கவிழ்த்து வைத்தார். முன்னால் நாலைந்து பேர் மனுவுக்குக் காத்திருந்தார்கள். செங்கோட்டையனும் அத்தாயியும் நின்றிருந்தார்கள், நிலாப் பட்டா எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுப்போக.

“தப்புன்னு நெனக்கறீங்களா சார் நீங்க?” என்றார் ஹாஜிரா.

புறவெளி என்று போட்டிருக்கலாம் என்று இழுத்தேன்.

“எடம் யாருக்கும் இல்லீங்க, ஆனா தோண்டி எடுத்தது எடுத்த கம்பெனிக்குச் சொந்தம்னு அமெரிக்காவுல சட்டமே போட்டுட்டாங்க. நான் போன மாசம் எழுதுனனே, நீங்கதான அச்சுக்கு அனுப்புனீங்க? எடம் கெவருமெண்டுது, வெளைஞ்சது வெதச்சவனுதுன்னா அதுக்கு எங்கூர்ல என்னங்க பேரு?”

“பொறம்போக்கு” என்று வரிசையில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். செங்கோட்டையன் குரல் கொஞ்சம் உரக்கவே கேட்டது.

நான் ஆசிரியர் சொன்னதையே திரும்பச் சொன்னேன். வேறென்ன செய்வது, எனக்கும் வேலை இருக்கிறதே. திருத்தம் இல்லாவிட்டால் பகுதி இல்லை என்றேன். ஹாஜிரா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“நாள் பூரா எழுதறனுங்க சார். ‘இப்படிக்கு’ன்னு போட்டு அதுக்குக் கீழ வர்ற பேரு ஒண்ணுகூட எம் பேரு இல்லீங்க. எல்லாம் அடுத்தவங்க பேரு. மாசத்துக்கு அந்த ரெண்டு பக்கத்துலதான் ஹாஜிரா பீவின்னு வருது. அதுக்குக் கீழ போய், எனக்கே நெசம்னு படாத ஒண்ண எழுதச் சொல்றீங்களே.”

எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று வருடமாக அந்தக் கட்டுரைகளைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவை ஒருவருக்கு இவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பகுதி நின்றுபோனால் இந்த மேசையில் மிஞ்சுவது ரேஷன் கார்டும் கரண்ட் இணைப்பும்தான். பேசாமல் திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மடிப்பை நீவி, மளமளவென்று எழுத ஆரம்பித்துவிட்டார். திருத்தம் எழுதிக் கொடுக்கப்போகிறார் என்று எனக்கு மூச்சு வந்தது. கூடவே, எதற்காகவோ மனசு சப்பென்று போனது.

எழுதி முடித்து உரக்கப் படித்தார். ‘பொருள்: புறம்போக்கு என்ற சொல்லை நீக்கக் கோருதல் – தொடர்பாக. ஐயா, மேற்படி பத்திரிகையின் உதவி ஆசிரியராகிய நான், மேற்படி சொல்லானது தவறு என்று தெரிவித்துக்கொள்கிறேன். மேற்படி சொல்லை எழுதிய ஹாஜிரா பீவி என்பவர் அது சரி என்றே கூறுகிறார். ஆகவே ஐயா அவர்கள் இருவரில் யார் சொல்வது சரி என்று நேரில் சென்று பார்த்து முடிவு செய்யுமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு.’

“இதுல உங்க பேரு இல்லையே” என்றேன்.

“யாருக்கு வேணுமோ அவங்க பேருலதானுங்க மனு எழுதறது. உங்களுக்குத்தான வேணும்?”

வரிசையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. நியாயம்தான் என்று அத்தாயி சொன்னது காதில் விழுந்தது. ஆசிரியர் இதைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைத்துப் பார்த்தேன். திருத்தம் கேட்டார், இது திருத்தம்தான், யார் பெயரில் என்ற சண்டையை அவரும் நானும் சேலத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

“பேனா வேண்டாமுங்க சார்.”

“எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமேம்மா.”

“தெரியுமுங்க. பேனாவுல போட்டா, ஊருக்குப் போயி ‘நான் போடலை’ன்னு சொல்லிப்போடலாமில்லீங்களா” என்றபடி மேசை இழுப்பறையிலிருந்து மைப்பெட்டியை எடுத்துத் திறந்தார். என் இடது கையைப் பிடித்து இழுத்தார். கட்டைவிரலை மையில் அழுத்தினார். ‘இப்படிக்கு’ என்பதன் கீழே வைத்து, இடமிருந்து வலமாக ஒரு உருட்டு உருட்டினார். குனிந்து பார்த்தார். ரேகை சரியாக விழவில்லை போலிருக்கிறது. விரலை விடாமல், மறுபடியும் மையில் அழுத்தினார்.