பனிக்குள் புதைத்த வெட்டு மெசின்

என்ர மனுசி வதனிக்கு முதன்முதலாய் ஒரு ஓடர் கிடைச்சது. எங்களுக்குப் பக்கத்தில், மில்லிக்கன் என்ற பகுதியில் இருக்கிற ஒரு அன்ரி, பேத்தி பெரியபிள்ளையானதுக்குச் செய்யிற சாமத்தியவீட்டுக்கு வாற ஆக்களுக்குக் குடுக்க, தடித்த மட்டையில் பலகாரப் பெட்டிகள் கேட்டிருந்தா.

கம்ப்யூட்டரில் போடுற டிசைனை அப்படியே வெட்டித்தாற மெசின் வாங்க நான் கடைக்குப் போனன். சின்னது, பெரிசு என்று இரண்டு இருந்தது. "பெரிசை எடுங்கோ, மட்டை வெட்டவேணும்" என்று வதனி சொல்லித்தான் விட்டவ. ஆனால் சின்னது மெல்லிய தாளில் ஒரு வண்ணத்துப்பூச்சி வெட்டிக் காட்டிச்சுது. நான் மயங்கிப்போய் அதையே வாங்கிவந்திட்டன்.

வீட்டில் மட்டையை வைச்சதும் அது கரகரவென்று கத்தத் தொடங்கிச்சு. நெருப்புப் பிடிக்கப்போகுது என்று பயந்த வீரன் நான், வயரைப் பிடுங்கி, மெசினைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓடிப்போய் வெளியே பனிக்குள் புதைச்சிட்டன்.

"இஞ்சேருங்கோ, உது எரியேல்லை! மட்டை தடிப்பு, கத்தி இறுகிப்போச்சு, அவ்வளவுதான்," என்று வதனி வாசலில் நின்று கத்தினா. "இப்ப உள்ளுக்குத் தண்ணி போயிருக்கும். கடைக்காரன் திருப்பி எடுப்பானோ?"

எடுக்கேல்லை. இன்னொன்று வாங்கிச் செய்ய நாளும் இருக்கேல்லை. வதனிதான் அன்ரிக்குப் போன் எடுத்து, ஏலாது என்று சொன்னா. "பரவாயில்லை பிள்ளை" என்றா அன்ரி. பிறகு கூப்பிடவேயில்லை.

இப்பவெல்லாம் எதை வெட்டவேணுமோ அதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோறன். கண்முன்னால் வெட்டிக்காட்டினால்தான் காசை எடுப்பன். வதனி இருக்கிற இடத்தில் இந்தக் கதையைச் சொல்லி ஆக்களைச் சிரிக்கவைக்கிறதையும் விட்டிட்டன். அவ ஒருநாளும் சிரிக்கேல்லை.