கிட்டம் என்று நான் சொன்ன கல்

விண்கல் சேர்க்கிறவனுக்குக் கல் கிடைக்கிறதோ இல்லையோ, சந்தேகம் கிடைத்துவிடும். கையில் எடுக்கிற ஒவ்வொரு கல்லையும் அவன் சந்தேகப்படுவான். கல்லும் கையுமாக நிற்கிற அவனை ஊரே சந்தேகப்படும். எண்பதுகளில் மாட்டுங்காவில் குடியிருந்துகொண்டு, பகலெல்லாம் கோட்டைப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் நட்டு, போல்ட்டு எண்ணிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வானத்திலிருந்து விழுந்ததைத் தேடி அலைந்தவன் நான். தபால்தலை சேர்க்கிறவருக்கு ஆல்பம் உண்டு, சங்கம் உண்டு, மரியாதையும் உண்டு. நமக்கு? பரணில் ஒரு பிஸ்கட் டின், வீட்டில் ஒரு முறைப்பு. இதே வியாதியில் அகப்பட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் தலையை ஆட்டுவீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நின்றுபோன கடிகாரம்

முக்கால்வாசி விண்கல்லில் இரும்பு இருக்கும், காந்தம் ஒட்டும். அதனால் பழுதான ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வளையக் காந்தம் ஒன்றை இடது பக்கப் பாக்கெட்டில் எப்போதும் வைத்திருப்பேன். சாலையோரத்தில் கறுப்பாக எது கிடந்தாலும் குனிந்து ஒட்டிப் பார்ப்பேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுகூட இடது கை பாக்கெட்டுக்குள் அதை உருட்டிக்கொண்டே இருக்கும்.

கல்யாணத்துக்கு மாமனார் போட்ட கைக்கடிகாரம் ஒரு வாரம் குதிரையாக ஓடியது, அடுத்த வாரம் நின்றுவிட்டது. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் கடிகாரம் பழுது பார்க்கும் தமிழர் ஒருவர் இருந்தார். இரண்டு தடவை சரி செய்து கொடுத்தார், இரண்டு தடவையும் நின்றது. அவர் சாமானை மாற்றி ஏமாற்றுகிறார் என்று எனக்குத் தோன்றியது. கொஞ்சம் குரலை உயர்த்தி அதைச் சொல்லியும்விட்டேன். அவர் கண்ணிலிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றினார். மேஜை மேல் இருந்த சின்னத் திருப்புளி தானாக நகர்ந்து என் பாக்கெட் பக்கம் வருவதை நிதானமாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: "வாட்ச்சுல ஒண்ணும் தப்பில்ல சார். உங்க பாக்கெட்டத்தான் ரிப்பேர் பண்ணணும்."

அமெரிக்கக் கல்

அமெரிக்காவில் ஒரு சேகரிப்பாளருடன் எனக்குக் கடிதப் போக்குவரத்து இருந்தது. நம் ஊர்ப் பழைய தபால்தலைகளை நான் அனுப்புவேன். பதிலுக்கு அவர் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு விண்கல் துண்டு அனுப்பினார். பார்சலைப் பிரிக்கச் சுங்க ஆபீஸுக்கு என்னை நேரில் வரச் சொன்னார்கள். அதிகாரி கல்லை முகர்ந்தார், காதருகே வைத்து ஆட்டினார், சாம்பல் நிறத்தில் மின்னிய புள்ளிகளைப் பார்த்துத் தங்கமா என்று கேட்டார். வெறும் இரும்பு என்றேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. பம்பாயிலேயே மலை நிற்கும்போது கல்லுக்காகக் கடல் தாண்டிப் போகிறவன் யோக்கியனாக இருக்க முடியாது என்பது அவர் கட்சி. கடைசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தள்ளிவிட்டார்: "பத்தர் கே வாஸ்தே அமெரிக்கா? அரே சாப், டிராம்பே மே பூரா பஹாட் கடா ஹை!"

வடாலா கூரை

மாட்டுங்காவில் ஒரு தமிழ் நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் 'வானிலிருந்து விழுந்த கற்கள் இருந்தால் தெரிவிக்கவும்' என்று என் விலாசத்துடன் ஒரு சீட்டு ஒட்டினேன். யாரும் ஒட்டாதீர்கள். கருகிய செங்கல், ரயில்பாதை ஜல்லி, அம்மி உடைந்த துண்டு எல்லாம் வீடு தேடி வந்தன.

வடாலாவிலிருந்து ஓர் அம்மாள் துணியில் சுற்றி ஒரு கல் கொண்டுவந்தார். கூரையைப் பொத்துக்கொண்டு சமையல்கட்டில் விழுந்ததாம். அவர் உட்காருவதற்குள் துணியை வாங்கிக்கொண்டேன். பிரித்துப் பார்த்தால் சாதாரணக் கருங்கல் ஜல்லி. ஒரு பக்கம் தார்கூட இருந்தது. சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எறிந்தது என்றால் அவர்களிடம் மல்லுக்கு நிற்க வேண்டும், வீட்டுச் சொந்தக்காரர் காசு தரமாட்டார். தெய்வச் செயல் என்றால் மட்டும் கூரை மாற்றித் தருவாராம். அதற்கு நான் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முடியாது என்று கையைப் பிசைந்தேன். அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "மேலேர்ந்து விழுந்துச்சா இல்லையா, அத மட்டும் எழுதுங்க. யாரு எறிஞ்சதுன்னு ஒங்கள யாரு கேட்டா?"

இரண்டு காந்தங்கள்

எனக்குத் தெரிந்து பம்பாயில் இந்தப் பைத்தியம் பிடித்த இன்னொரு தமிழர் செம்பூர் ராகவன். ஆளுக்கொரு கல் மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்து கிங்ஸ் சர்க்கிளில் ஒரு ஓட்டலில் சந்தித்தோம். நான் கொண்டுபோன கல்லைப் பற்றி எனக்கே அரைகுறை நம்பிக்கைதான். அதைத் தள்ளிவிடலாம் என்றுதான் போயிருந்தேன்.

காப்பி வந்தது. அவர் கல்லைச் சோதிக்க நான் காந்தத்தை எடுத்த அதே நேரம் என் கல்லைச் சோதிக்க அவரும் எடுத்தார். டம்ளர்களுக்கு மேலே இரண்டும் பாய்ந்து ஒட்டிக்கொண்டன. பிரிப்பதற்குள் காப்பி கொட்டி, சர்வர் வந்து, பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்தே விட்டார்கள். அதற்குப் பிறகு கல்லை யார் சோதிப்பது? பேசாமல் மாற்றிக்கொண்டோம். வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டே, மனசு கேட்காமல், "நீங்க கொடுத்தது நிஜக் கல்தானே?" என்றேன். ராகவன் சுண்ணாம்பைத் தடவியபடி சொன்னார்: "நீங்க குடுத்தது நிஜம்னா நான் குடுத்ததும் நிஜம்."

மைதீன் பாயின் பாரம்

இனி எழுதப் போவது வேறு மாதிரி. இதை நான் பல வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார் மைதீன் பாய். கடையநல்லூர்க்காரர். என் ஆபீஸ் பையின் வாரைத் தைக்கப் போனபோது அந்தக் கல்லைப் பார்த்தேன். பசை தடவி ஒட்டிய தோல்களின் மேல் பாரமாக வைத்திருந்தார். தேங்காய் அளவு. மேலே மெல்லிய கறுப்புத் தோல், எரிந்து உருகி ஆறியது போல. மாவில் கட்டைவிரலால் அமுக்கிய மாதிரி அங்கங்கே குழிகள். தூக்கினேன், அளவுக்கு மீறிய கனம். காந்தம் சட்டென்று ஒட்டியது. ராஜஸ்தானிலிருந்து தோல் ஏற்றி வந்த லாரிக்காரன் கொடுத்ததாம். அவன் ஊர் வயலில் 'படார்' என்று விழுந்ததாம். அப்படியே கீழே உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன். புத்தகத்தில் படித்த அத்தனை அடையாளமும் என் மடியில் இருந்தது.

அப்போதே கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். ஆனால் கேட்டால் பாய் உஷாராகிவிடுவாரோ, செம்பூர் வரை சேதி போய்விடுமோ என்று புத்தி கணக்குப் போட்டது. அதோடு, சோதித்து நிஜம் என்று தெரியாமல் இனி ஒரு கல்லும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று என் மனைவி சரோஜா ஆணையிட்டிருந்தாள். ஆகவே ஒரு திட்டம். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "பாய், இது பவுண்டரியில் கழிக்கிற இரும்புக் கிட்டம். துரு விடும். தோலில் கறை பிடிச்சா போகாது" என்றேன். சந்தேகம் தீர்க்கிறவன் போல ஓரத்தை அரத்தால் ராவி ஒரு சிட்டிகைத் தூளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு பெயிண்ட் அடித்த நல்ல இரும்புக் கட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, குப்பையை அகற்றுகிறவன் மாதிரி கல்லைத் தூக்கிப் போய்விடலாம். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். டீ வரவழைத்தார். வார் தைத்ததற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். "நல்ல வேள சொன்னிய சார். இந்த ஊர்ல அடுத்தவன் சரக்கு கெட்டுப் போவுதேன்னு யாரு வந்து சொல்லுதா?"

ரோஜா நிறம்

விண்கல் இரும்பில் நிக்கல் கலந்திருக்கும். இரும்புக் கிட்டத்தில் அநேகமாக இருக்காது. தூளை ஆசிடில் கரைத்து, அம்மோனியா விட்டு, ஒரு மருந்தைச் சேர்த்தால், நிக்கல் இருந்தால் ரோஜா நிறம் வரும். செய்முறையை அமெரிக்க நண்பர் எழுதியிருந்தார். மருந்துகளைப் பிரின்ஸஸ் ஸ்ட்ரீட்டில் வாங்கினேன். கண்ணாடிக் குவளை முந்தின மாதமே உடைந்திருந்தது. சரோஜா கோயிலுக்குப் போயிருந்த நேரம், அவளுடைய எவர்சில்வர் கிண்ணத்தில் ஆசிடை ஊற்றி, இருந்த தூள் முழுவதையும் கொட்டி, அடுப்பில் சூடு காட்டினேன். மருந்தை விட்டதும் கிண்ணம் முழுக்க ரோஜாப்பூ நிறம். நான் சத்தியமாக அழுதேன். கதவைத் திறந்துகொண்டு வந்த சரோஜா மூக்கைப் பொத்தியபடி வாசலிலேயே நின்றாள்: "யாரு போயிட்டா? தந்தியா?"

புதுத் தரை

ஞாயிறு வரை பொறுக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமையே அரைநாள் லீவு போட்டுவிட்டு, இரும்புக் கட்டியைப் பையில் சுமந்துகொண்டு தாராவிக்கு ஓடினேன். பட்டறை வாசலில் சிமெண்டு ஈரம். மழைக்கு முன்னால் தரையை உயர்த்தி, வழவழவென்று பூசியிருந்தார்கள். தோல்களின் மேல் இப்போது செங்கற்கள் இருந்தன.

கல் எங்கே என்று கேட்டேன். மேடாக்க ஜல்லி போதவில்லையாம்; மேஸ்திரி சம்மட்டியால் உடைத்துத் தரைக்கு அடியில் பரப்பிவிட்டாராம். உடைத்தபோது உள்ளே பளபளவென்று புள்ளிகள் தெரிந்ததா என்று கேட்டேன். அதை யார் பார்த்தார்கள் என்று சிரித்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னார். நடக்கச் சொல்லி, உறுதியாக இருக்கிறதா என்று பெருமையோடு பார்த்தார். நடந்தேன். "நீங்க கிட்டம்னு சொன்னதுனாலதான் சார் தைரியமா ஒடைக்கச் சொன்னேன். இல்லாட்டா ஏதோ வானத்துக் கல்லுன்னு இன்னும் கட்டி அழுதுகிட்டு இருந்திருப்பேன்."

கிண்ணம்

ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. சரோஜாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் பாய்க்காகவும் வருத்தப்படவில்லை, எனக்காகவும் வருத்தப்படவில்லை. கிண்ணத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆசிட் பட்ட உட்பக்கம் மங்கி, சொரசொரப்பாக இருந்தது. "இதுலேர்ந்து ஏதோ கரைஞ்சிருக்கே. கல்லப் போடாம ஒரு தடவை பண்ணுங்கோ" என்றாள்.

நட்டு, போல்ட்டு எண்ணுகிறவனுக்கு எவர்சில்வரில் நிக்கல் உண்டு என்பது தெரியாமலா இருக்கும்? தெரியும். அந்த நேரம் தோன்றவில்லை. வெறும் ஆசிடைக் கிண்ணத்தில் ஊற்றிச் சூடாக்கி, மருந்தை விட்டேன். அதே ரோஜா நிறம். தூளோ ஒரு துளி மிச்சமில்லை. என் வாழ்க்கையில் கிடைத்த ஒரே பெரிய விண்கல்லைத் தொலைத்தேனா, இல்லை ஒரு கிட்டக் கட்டிக்காகச் சாப்பிடாமல் கிடந்தேனா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. சரோஜா கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்துக் கேட்டாள்: "அப்போ இதுவும் வானத்துலேர்ந்து விழுந்ததுதானா?"

நான் சொன்ன நிஜம்

இரண்டு மாதம் தாராவிப் பக்கம் போகவில்லை. பிறகு போனேன். மனசு உறுத்தியதும் உண்மை. தரையில் ஒரு மூலையைப் பெயர்த்துப் பார்க்கச் சம்மதிப்பாரா என்ற நப்பாசையும் உண்மை. எது அதிகம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

உட்கார வைத்து டீ கொடுத்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். "பாய், அன்னிக்கு நான் சொன்னது பொய். அது கிட்டம்னு நான் நினைக்கவே இல்லை. உங்ககிட்டேர்ந்து சும்மா தூக்கிட்டுப் போகத்தான் அப்படிச் சொன்னேன். ஒருவேளை அது நிஜமாவே வானத்துக் கல்லா இருக்கலாம்." தைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். ஏசுவார், வெளியே போகச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

பாய் என் தோளில் கை வைத்தார். கல் போன வருத்தம் அவருக்கு இருக்கும் என்று நினைத்து, பழியை என் தலையில் போட்டுக்கொள்ள நான் வந்திருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. நான் மறுபடி சொன்னேன், சத்தியம் பண்ணினேன். ஒன்றும் ஏறவில்லை. ஆறிப்போன டீயை மாற்றி வேறு டீ கொண்டுவரச் சொல்லிவிட்டு, குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்: "போங்க சார், இப்ப நீங்க சொல்லுதத நம்பணும்னா அன்னைக்கு நீங்க என்னைய ஏமாத்துனியன்னு ஆவும்லா? ஒங்களப் போயி அப்பிடி நெனைக்க என் மனசு எடங்குடுக்கல."

அத்தனை வருஷம் கல் தேடி அலைந்ததில் என்னை யாரும் சந்தேகப்படாத இடம் அந்த ஒரு பட்டறைதான், பொய் சொல்ல எனக்கு வாகாகக் கிடைத்ததும் அதே பட்டறைதான்.