மாமரத்தில் கடைந்த தவில்

திருவரங்கம்
16-11-2025, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.40 மணி

கடிதம் 4: எடை குறைத்த விவரம்

நண்பர்களுக்கு,

பலாக்கட்டையைக் கடையும்போது பறக்கும் மஞ்சள் தூளின் வாசனை, குளித்த பின்னும் மூக்கை விட்டுப் போகாது...

9-6-1988, வியாழக்கிழமை. உறையூரில் தவில் செய்யும் அந்தோணியின் பட்டறையில் நானும் என் அடுத்த வீட்டுக்காரர் கோவிந்தராஜனும் நின்றிருந்தோம். அவருக்குக் கல்யாணங்களில் தவில் வாசிப்பதுதான் பிழைப்பு. நான் கைலாசபுரம் தொழிற்சாலையில், இயந்திரங்களை அடைத்து அனுப்பும் பெட்டிகளுக்கு மரம் பரிசோதிப்பவன்.

அவருக்குத் தீராத தோள்வலி. "தவில் என் தோள்ல தொங்குதா, நான் தவில்ல தொங்குறேனான்னே தெரியல சார்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஊர்வலம் முடிந்து வந்தால், சட்டையைக் கழற்ற மனைவியின் உதவி வேண்டும்.

எடை குறைந்த மரத்தில் கடைந்தால் தீர்ந்தது என்றேன். மாமரத்தைத் தேர்ந்து கொடுத்ததும் நானே. ஈரம் பார்த்தேன், விரிசல் பார்த்தேன், எடை போட்டும் பார்த்தேன்.

அந்தோணி தயங்கினார். "எடை குறையும், சரிங்க. நாதமும் குறையுமே? பலா கெட்டி, அடிச்சா திருப்பிக் கொடுக்கும். இது வாங்கி வச்சுக்கும்."

"அவ்ளோ பெரிய மெஷினுக்கே நான்தான் மரம் சொல்றேன். ஒரு தவிலுக்குச் சொல்லத் தெரியாதா?"

4-9-1988 அன்று ஒரு கல்யாணத்தில் புதுத் தவில் அவர் தோளில் ஏறியது. பாதியில் நாதஸ்வரக்காரர் திரும்பினார். "என்னண்ணே, தவிலுக்கு இன்னும் தூக்கம் கலையலையா? ஒரு காபி வாங்கிக் கொடுங்க."

கூட்டம் சிரித்தது. கோவிந்தராஜனும் சிரித்தார். அடுத்த உருப்படியில் ஓங்கி அடித்தார். அதன்பின் எல்லாக் கல்யாணத்திலும் ஓங்கித்தான் அடித்தார்.

தோள் தேறியது. வலது மணிக்கட்டு போயிற்று.

மூன்றாம் ஆண்டில் விரல்கள் நீள மறுத்தன. மீண்டும் பலாத் தவிலுக்குப் போகலாம் என்றால், அந்தக் கையால் வாசிக்க இனி எந்தத் தவிலும் இல்லை என்றார் மருத்துவர். பிறகு கோவிந்தராஜன், தாம் வாசித்த மண்டபங்களிலேயே பந்தியில் தண்ணீர் ஊற்றினார்... இடது கையால்.

என்னை ஒருநாளும் அவர் கடிந்ததில்லை. ஒரே ஒருமுறை, 2-1-1994 அன்று, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கேட்டார்: "சார், அன்னிக்கு அந்தக் கட்டையை ஒரு தட்டு தட்டிப் பாத்தீங்களா?"

இல்லை என்றேன்.

"நானும் பாக்கல சார். நீங்க சொன்னா சரியா இருக்கும்னு விட்டுட்டேன்."

அந்நாளில் தவிலின் ஓசை தெருமுனை வரை தானாகப் போய்ச் சேரவேண்டும். இன்று தவிலுக்கென்றே தனி மைக் வைக்கிறார்கள். விரலால் தொட்டாலே மண்டபம் நிறைகிறது. இப்போது அவர் வாசித்திருந்தால் மாமரமே போதுமானதாக இருந்திருக்கும்.

3-10-2025, வெள்ளிக்கிழமை, கோவிந்தராஜன் காலமானார். துவாக்குடியில் இருக்கும் மகள் வீட்டில் இடமில்லை என்பதால், இரண்டு தவில்களும் இப்போது என் அறையில் இருக்கின்றன.

இணைப்பு:

1. கோவிந்தராஜன், பலாத் தவிலுடன்: புகைப்படம், 1987. நாள் தெரியவில்லை, மன்னிக்கவும்.

2. பலாத் தவில்: ஒலிப்பதிவு, 15-11-2025, மாலை 5.10.

3. மாமரத் தவில்: ஒலிப்பதிவு, அதே நாள், மாலை 5.14. இரண்டையும் தட்டியவன் நான். எனக்கு வாசிக்கத் தெரியாது. எனக்கே வித்தியாசம் கேட்கிறது.